உப்பளத் தரையில் ஊதா அடுக்கு: உவர் விரும்பும் கந்தக பாக்டீரியாவைக் கண்டெடுத்து வளர்க்க முழுமையான வழிகாட்டி

உப்பளத்தில் தண்ணீர் ரோஜா நிறமாகக் கிடப்பதைப் பார்த்ததும், ஊதா பாக்டீரியாவைக் கண்டுவிட்டோம் என்று பலர் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது வேறு உயிர். உப்பு விளையும் கடைசிப் பாத்தியில் நீரைச் சிவக்க வைப்பவை ஹாலோஆர்க்கியா என்ற தொல்நுண்ணுயிர்களும், துனாலியெல்லா என்ற ஒற்றைச் செல் பாசியும்தான். ஊதாக் கந்தக பாக்டீரியாவை அதற்குச் சில பாத்திகளுக்கு முன்பே தேட வேண்டும். அது நீரில் அல்ல, தரையில் படிந்திருக்கும் நுண்ணுயிர்ப் பாயின் உள்ளே ஓர் அடுக்காக இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, வெட்டினால்தான் தெரியும்.

நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் எழுதப்பட்ட வழிகாட்டி இது. ஆய்வகம் இல்லாத பள்ளியில்கூட கண்ணாடி ஜாடிப் பகுதிவரை செய்து பார்க்கலாம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

செடிகளும் சயனோபாக்டீரியாவும் ஒளிச்சேர்க்கைக்கு நீரைப் பிளக்கின்றன, ஆக்சிஜன் வெளியேறுகிறது. ஊதாக் கந்தக பாக்டீரியா நீரைத் தொடுவதில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து எலக்ட்ரான்களை எடுத்துக்கொள்கிறது; கந்தகம் மிஞ்சுகிறது, ஆக்சிஜன் வருவதில்லை. இந்த ஒற்றுமையையும் வேற்றுமையையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்து 1931-இல் கட்டுரை எழுதியவர் நுண்ணுயிரியலாளர் வான் நீல். செடி வெளியிடும் ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்ற எண்ணம் இந்த பாக்டீரியாவைப் பார்த்துத்தான் அவருக்கு உருவானது.

இவற்றில் இரண்டு குடும்பங்கள் உண்டு. குரோமேஷியேசியே குடும்பம் கந்தகத்தைச் செல்லுக்குள்ளேயே உருண்டைகளாகச் சேமிக்கும். எக்டோதயோரோடோஸ்பைரேசியே குடும்பம் அதைச் செல்லுக்கு வெளியே தள்ளும். நுண்ணோக்கியில் அடையாளம் காண இந்த வித்தியாசம் போதும் என்பதால் நினைவில் வையுங்கள்.

இது ஏன் பாயின் நடுவில் வாழ்கிறது? அதற்குத் தேவையான இரண்டு பொருள்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து வருகின்றன. ஒளி மேலிருந்து வருகிறது. சல்ஃபைடு அடியிலுள்ள கறுப்புச் சேற்றிலிருந்து வருகிறது; அங்கே சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியா அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் சில மில்லிமீட்டர் தடிமன்தான். மேலே போனால் சயனோபாக்டீரியா விடும் ஆக்சிஜன் தொல்லை. கீழே போனால் இருட்டு.

ஆனால் மேலே பச்சை அடுக்கு ஒளியைத் தின்றுவிட்ட பிறகு கீழே என்ன மிஞ்சும்? கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு மிஞ்சும். சயனோபாக்டீரியாவின் குளோரோஃபில் சுமார் 700 நானோமீட்டருக்கு மேல் பெரும்பாலும் எதையும் பிடிப்பதில்லை. ஊதா பாக்டீரியாவின் பாக்டீரியோகுளோரோஃபில் ஏ 800 முதல் 890 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைப் பிடிக்கிறது. மேல்வீட்டார் பயன்படுத்தாமல் விடும் ஒளியில்தான் கீழ்வீட்டார் வாழ்கிறார்கள். பின்னால் விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு செய்தி உங்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

உப்பை எப்படித் தாங்குகிறது என்பதும் அழகான கதை. வெளியே உப்பு கூடினால் செல்லுக்குள்ளிருக்கும் நீர் வெளியேறிவிடும். அதைத் தடுக்கப் பெரும்பாலான இனங்கள் கிளைசின் பீட்டைன், எக்டோயின் போன்ற சிறு கரிமச் சேர்மங்களைச் செல்லுக்குள் நிரப்பிக்கொள்கின்றன. எக்டோயின் முதன்முதலில் கண்டறியப்பட்டதே எகிப்தின் வாடி நத்ரூன் ஏரியிலிருந்து வந்த ஹாலோரோடோஸ்பைரா ஹாலோகுளோரிஸ் என்ற ஊதா பாக்டீரியாவில்தான், 1985-இல். இன்று தோல் களிம்பிலும் மூக்குத் தெளிப்பானிலும் அது சேர்க்கப்படுகிறது. ஹாலோகுளோரிஸுக்கு நெருங்கிய உறவான ஹாலோரோடோஸ்பைரா ஹாலோஃபிலா பொட்டாசியம் குளோரைடையும் செல்லுக்குள் குவித்துக்கொள்ளக்கூடியது.

எந்தப் பாத்தி, எந்த மாதம்

உலகில் நன்றாக ஆராயப்பட்ட இடம் தெற்கு பிரான்சின் கமார்க் பகுதியிலுள்ள சாலன் தெ ஜிரோ உப்பளம். நுண்ணுயிரியலாளர் பியர் கோமெத்தும் அவருடைய குழுவினரும் அங்கிருந்து 1988-இல் குரோமேஷியம் சலெக்ஸிஜென்ஸையும், 1991-இல் தயோகாப்சா ஹாலோஃபிலாவையும் விவரித்தார்கள். 1998-இல் வகைப்பாடு திருத்தப்பட்டபோது அவை ஹாலோகுரோமேஷியம், தயோஹாலோகாப்சா என்ற புதிய பேரினங்களாயின. சினாய் கரையிலுள்ள சோலார் ஏரியும் இஸ்ரேலின் ஐலாத் உப்பளமும் இதே அடுக்குகளுக்குப் பேர்போனவை. இந்தியக் கடற்கரையிலிருந்தும் இந்த உறவினர்கள் கிடைத்திருக்கிறார்கள்: கோவாவின் அலையாத்திச் சேற்றிலிருந்து மேரிகுரோமேஷியம் இண்டிகம், கடல்நீர் வளர்ப்புக் குளம் ஒன்றிலிருந்து தயோஹாலோகாப்சா மரினா.

நம் பக்கத்தில் தேட வேண்டுமானால் தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம். இலங்கையில் புத்தளம், ஆனையிறவு, அம்பாந்தோட்டை. கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து செறிவாகிறது. நீரின் செறிவைக் காட்டும் அளவான போமே டிகிரியைப் பார்க்க உப்பளத்தில் மிதவைக் கருவி இருக்கும். அதுதான் உங்கள் திசைகாட்டி. கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. 13 முதல் 16 டிகிரிக்குள் ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரிக்கு மேல் சமையல் உப்பு விளையும். ஒரு டிகிரியை ஏறத்தாழ ஒரு சதவீத உப்பு என்று எடுத்துக்கொண்டால் களத்தில் போதுமானது.

6 முதல் 12 டிகிரி வரையுள்ள பாத்தியில் தோல் போல உரித்தெடுக்கக்கூடிய பாய் கிடைக்கும். 13 முதல் 20 டிகிரிக்குள் ஜிப்சம் படிகங்களுக்கிடையே வளர்ந்த கடினமான ஓடு கிடைக்கும். முதல்முறை போகிறவர்களுக்குத் தோல் பாயே நல்லது. கத்தியால் வெட்ட முடியும். அழகுக்கு ஜிப்சம் ஓட்டை மிஞ்ச ஒன்றுமில்லை.

வடகிழக்குப் பருவமழை பாத்திகளைக் கரைத்துவிடும். மழை ஓய்ந்து, நீர் மீண்டும் செறிவாகி, பாய் வளரச் சில மாதங்கள் ஆகும் என்பதால் மார்ச்சுக்குப் பிறகு போவது நல்லது. உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். அதைவிட முக்கியமாக, அங்கே வேலை செய்பவர்களிடம் பேசுங்கள். எந்தப் பாத்தியைப் பல மாதமாகக் கிளறவில்லை, எங்கே காலை வைத்தால் கறுப்புச் சேறு நாறும் என்பதை அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. வழக்கமாக வாரிச் சுத்தம் செய்யும் பாத்தியில் அடுக்கு உருவாகாது. நீர்க்கசிவைத் தடுக்கும் பாய் நடுப் பாத்திகளுக்கு நன்மையே செய்கிறது. பெரிய துண்டாகப் பெயர்த்தெடுக்காதீர்கள், தீப்பெட்டி அளவு போதும்.

முழங்கால் வரை ரப்பர் காலணி கட்டாயம். ஜிப்சம் படிகம் பாதத்தைக் கீறினால் உவர்நீரில் அந்தப் புண் ஆற நாளாகும். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் வேண்டும். வெள்ளைத் தரை திருப்பி அடிக்கும் வெயில் கடுமையானது.

வெட்டிப் பார்த்தல்

சுரண்டக் கூடாது. சுரண்டினால் அடுக்குகள் கலந்து, எது எங்கே இருந்தது என்ற செய்தி அங்கேயே தொலைந்துவிடும். கூர்மையான கத்தியால் செங்குத்தாக நாலு பக்கமும் வெட்டி, அடியில் தட்டையான கரண்டியைச் செருகித் தூக்குங்கள். 20 மில்லி ஊசிக்குழலின் முனையை அறுத்துவிட்டு, உந்துதண்டை மெல்ல இழுத்தபடியே பாய்க்குள் அழுத்தினால் உருளையாக ஒரு துண்டு வரும். சிறு மாதிரிக்கு இதுவே எளிது.

வெட்டுமுகத்தை உடனே பாருங்கள். மேலே மஞ்சள் கலந்த பழுப்பு. அதிலுள்ள சயனோபாக்டீரியா வெயிலைத் தாங்கும் நிறமிகளைச் சேர்த்திருக்கும். அதன் கீழே அடர் பச்சை. அதற்கும் கீழே ஊதாவோ, செங்கல் சிவப்போ, ரோஜா நிறமோ ஓர் அடுக்கு. பிறகு சாம்பல், கறுப்பு. தோல் பாயில் ஊதா அடுக்கு பெரும்பாலும் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே வந்துவிடும். ஜிப்சம் ஓட்டில் படிகங்கள் ஒளியைக் கீழே கடத்துவதால் அது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில்கூட இருக்கும்.

அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். நேரத்தையும் எழுதுங்கள், ஏனென்றால் இந்த அடுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றதும் சல்ஃபைடு மேலே ஏறுகிறது. நீந்தக்கூடிய குரோமேஷியம் வகைகளும் கூடவே ஏறுகின்றன. டென்மார்க்கின் லிம்ஃபியோர்டில் இந்த ஏற்ற இறக்கத்தை நுண்ணுயிரியலாளர் யோர்கன்சன் 1982-இல் விளக்கமாக எழுதினார். விடியற்காலையில் போனால், மதியம் பச்சையாகத் தெரிந்த பாய் ஊதா பூத்திருப்பதைச் சில இடங்களில் காணலாம். ஒரே பாத்தியை விடியலிலும் மதியத்திலும் வெட்டிப் பார்ப்பது, எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு மாணவர் செய்யக்கூடிய மிக நல்ல சோதனை என்பது என் கருத்து.

கொண்டுவருதல்

அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டியில் துண்டை வைத்து, அதே பாத்தி நீரைத் தளும்பத் தளும்ப ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடுங்கள். நிழலில் கொண்டுவாருங்கள். வேறு பாத்தியின் நீரையோ குழாய் நீரையோ ஊற்றினால் உப்பின் அளவு சட்டென்று மாறி, வழியிலேயே செல்கள் கெட்டுப்போகும்.

நுண்ணோக்கியில்

ஊதா அடுக்கிலிருந்து ஊசி முனையளவு எடுத்து, பாத்தி நீரிலேயே கலந்து, கண்ணாடித் தகட்டில் வையுங்கள். 400 மடங்கு உருப்பெருக்கம் போதும். நிறமற்ற செல்களையும் தெளிவாகக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதி இருந்தால் இன்னும் நல்லது. தடித்த கோல்வடிவச் செல்களுக்குள் பளபளக்கும் மணிகள் தெரிந்தால் அவை கந்தக உருண்டைகள். ஹாலோகுரோமேஷியம் கோல்வடிவம், நீந்தும். தயோஹாலோகாப்சா உருண்டை வடிவம், வழவழப்பான உறைக்குள் அசையாமல் இருக்கும். நீண்ட இழையில் மணிகள் இருந்து நிறமே இல்லையென்றால் அது பெஜியடோவா, ஊதா பாக்டீரியா அல்ல. தனிச் செல்லில் நிறம் மிக மெலிதாகத்தான் தெரியும். ஊதா எங்கே என்று குழம்ப வேண்டாம்.

இங்கே ஒரு பழைய சோதனையைச் செய்து பாருங்கள். நுண்ணோக்கியின் விளக்கைக் கையால் ஒரு கணம் மறையுங்கள். நீந்திக்கொண்டிருந்த செல்கள் சட்டென்று பின்னோக்கித் திரும்பும். ஒளிப்புள்ளியைச் சுருக்கினால் சற்று நேரத்தில் அந்தப் புள்ளிக்குள் கூட்டம் சேரும்; உள்ளே வந்த செல் இருட்டின் விளிம்பைத் தொட்டதும் திரும்பிவிடுவதால் வெளியேற முடிவதில்லை. 1883-இல் ஜெர்மன் அறிவியலாளர் எங்கல்மன் கண்டது இதைத்தான். இந்த உயிர்கள் ஒளியை நாடி வாழ்கின்றன என்று உலகத்துக்குக் காட்டியது அந்த எளிய சோதனை.

கண்ணாடி ஜாடியில் ஒரு சிறு உப்பளம்

வினோகிராட்ஸ்கி தூண் என்ற முறை இது. உயரமான கண்ணாடி ஜாடியின் அடியில் கறுப்புச் சேறு. அதோடு ஒரு கைப்பிடி துண்டாக்கிய வெள்ளைக் காகிதம், ஒரு தேக்கரண்டி பாத்தி ஜிப்சம், அதே அளவு முட்டை ஓட்டுப் பொடி சேர்த்துப் பிசைந்து அழுத்துங்கள். காகிதம் கரிமத்தையும், ஜிப்சம் சல்ஃபேட்டையும் தரும். மேலே பாதி உயரத்துக்குச் சாதாரண பாத்திச் சேறு. அதற்கும் மேல் இரண்டு விரல் உயரம் பாத்தி நீர். பாயின் ஒரு சிறு துண்டை நசுக்கி நடுவில் கலந்துவிடுங்கள். மூடி, நேர்வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் வையுங்கள்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஜாடியில் நீர்மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். ஆவியாகிக் குறைந்தால் வடிகட்டிய நன்னீர் ஊற்றித்தான் ஈடுகட்ட வேண்டும். உவர்நீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அடுத்தது பொறுமை. குளத்துச் சேற்றில் சில வாரங்களில் தெரியும் நிறம், இங்கே இரண்டு மூன்று மாதம்கூட எடுக்கும். உப்பு கூடக் கூடச் சல்ஃபேட்டை ஒடுக்குவது மெதுவாகிறது. உப்பைச் சமாளிக்கவே செல்கள் நிறைய ஆற்றலைச் செலவழிப்பதால், குறைந்த ஆற்றல் தரும் வேலைகள் கட்டுப்படியாவதில்லை. 18 டிகிரிப் பாத்திச் சேற்றைவிட 8 டிகிரிச் சேறு பள்ளிக்கு ஏற்றது.

ஆய்வகத்தில் செறிவூட்டல்

நுண்ணுயிரியலாளர் நார்பர்ட் ஃபென்னிக் வகுத்த ஊடகமே (பாக்டீரியாவை வளர்க்கும் சத்துக் கரைசல்) இன்றும் அடிப்படை. ஒரு லிட்டருக்கு: பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், அமோனியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஒவ்வொன்றும் 0.34 கிராம், கால்சியம் குளோரைடு 0.25 கிராம், மக்னீசியம் சல்ஃபேட் 3 கிராம், நுண்தனிமக் கரைசல் 1 மில்லி. இதை ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தால் கிருமிநீக்கி, ஆக்சிஜன் புகாமல் நைட்ரஜன் கலந்த கார்பன் டைஆக்சைடின் கீழ் ஆறவிடுங்கள். ஆறிய பிறகே தனியாகக் கிருமிநீக்கிய சோடியம் பைகார்பனேட் 1.5 கிராம், நீரேறிய சோடியம் சல்ஃபைடு 0.4 முதல் 0.6 கிராம், வைட்டமின் பி12 20 மைக்ரோகிராம் சேர்க்க வேண்டும். பல இனங்களுக்கு பி12 இல்லாமல் வளர முடியாது. பிஹெச் 7.2 முதல் 7.5 வரை இருக்கட்டும்.

சோடியம் சல்ஃபைடில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு பொங்கி வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து, அந்த நாற்றமே தெரியாமல் போய்விடும், உயிருக்கு ஆபத்து. ஆய்வகத்தில் நச்சுவாயுவை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள் (ஃபியூம் ஹூட்) மட்டும், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிஹெச்சைச் சரிசெய்யும் சொட்டு அமிலமும் இதில் அடக்கம்.

இனி உப்பு. பாத்தி 15 சதவீதம் என்பதால் ஊடகமும் 15 சதவீதமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த உயிர்கள் பலவும் தாம் வாழும் இடத்தைவிடக் குறைந்த உப்பிலேயே நன்றாக வளர்கின்றன. ஹாலோகுரோமேஷியம் சலெக்ஸிஜென்ஸ் 20 சதவீதம்வரை தாங்கும், ஆனால் அதற்குப் பிடித்தது 8 முதல் 11 சதவீதம். தயோஹாலோகாப்சா ஹாலோஃபிலாவுக்கு 4 முதல் 8. ஹாலோரோடோஸ்பைரா ஹாலோஃபிலாவோ 11 சதவீதத்துக்கு மேல்தான் சுகப்படும். நிறைவுக் கரைசலை நெருங்கும் உப்பிலும் வளரும். அதனால் 6, 10, 15, 22 சதவீதம் என நான்கு புட்டிகளைச் சேர்ந்தே தொடங்குங்கள். எந்தப் புட்டியில் யார் வருகிறார்கள் என்பதே ஒரு கண்டுபிடிப்பாக இருக்கும்.

திருகுமூடிப் புட்டியை நிரப்பி, பட்டாணி அளவு குமிழி மட்டும் விடுங்கள். வெப்பத்தில் திரவம் விரியும்போது புட்டி உடையாமலிருக்க அது வேண்டும். மாதிரியைச் சேர்த்தபின் சில மணி நேரம் இருட்டில் வையுங்கள். மிஞ்சிய ஆக்சிஜன் அதற்குள் தீர்ந்துவிடும். பிறகு 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் மங்கலான ஒளி. பழைய டங்ஸ்டன் குண்டு பல்பு இதற்கு அருமையானது, அதன் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்பு. வெள்ளை எல்இடியில் அது அநேகமாக இல்லை, சயனோபாக்டீரியாதான் கொழிக்கும். கண்காணிப்புக் கேமராக்களில் வரும் 850 நானோமீட்டர் எல்இடி கிடைத்தால் போட்டியாளர்களை ஒளியாலேயே வெளியே நிறுத்திவிடலாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக நேராக உற்றுப் பார்க்கக் கூடாது.

முதலில் புட்டி பால் போல் வெளுக்கும், அது கந்தகம். பிறகு இளஞ்சிவப்பு ஏறி அடர்த்தியாகும். சல்ஃபைடு நாற்றம் போய், செல்லுக்குள் மணிகளும் மறைந்தால் பசி என்று பொருள். அமிலத்தால் பிஹெச்சைக் குறைத்து வைத்த சல்ஃபைடு கரைசலைச் சிறிதளவு ஊட்டுங்கள். ஒரேயடியாக நிறையக் கொடுத்தால் சல்ஃபைடு அதற்கே நஞ்சாகும். கொஞ்சம் அசிட்டேட் சேர்த்தால் விளைச்சல் கூடும், ஆனால் தூய வளர்ப்பு கிடைத்த பிறகு சேர்ப்பதே நல்லது. முன்னதாகச் சேர்த்தால் கந்தகம் சாராத ஊதா பாக்டீரியாவும் சல்ஃபேட் ஒடுக்கிகளும் கூட்டமாக வந்துவிடும்.

தூய வளர்ப்பு

பெட்ரித் தட்டில் பரப்பும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். காற்று இவற்றுக்கு ஆகாது. பலமுறை கழுவிய அகரை உருக்கி, 40 முதல் 42 டிகிரியில் ஊடகத்தோடு கலந்து, ஏழெட்டு சோதனைக்குழாய்களில் ஊற்றுங்கள். முதல் குழாயில் ஒரு சொட்டு வளர்ப்பு. அதிலிருந்து அடுத்ததற்கு, அடுத்ததிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று நீர்த்துக்கொண்டே போங்கள். உறைந்ததும் கிருமிநீக்கிய பாரஃபினை மேலே ஊற்றி அடையுங்கள். நீர்த்த குழாய்களில் தனித்தனி ஊதாப் புள்ளிகள் வரும். மெல்லிதாக இழுத்த பாஸ்டர் பிப்பெட்டால் ஒரு புள்ளியை உறிஞ்சி, இதே வரிசையை இன்னும் இரண்டு முறையாவது செய்யுங்கள்.

அடையாளம்

செல்களை மெத்தனாலில் கரைத்து நிறமாலைமானியில் வைத்தால் பாக்டீரியோகுளோரோஃபில் ஏ 770 நானோமீட்டர் அருகே எழும்பும். சயனோபாக்டீரியாவின் குளோரோஃபில் 665 அருகே எழும்பும். சிவந்த நீரின் ஹாலோஆர்க்கியாவில் 770-இல் ஒன்றும் இருக்காது. அதன் பாக்டீரியோரூபெரின் 470, 500, 530 அருகே மூன்று முகடுகள் காட்டும். உப்பளத்தில் எந்தச் சிவப்பு எது என்ற கேள்விக்கு இதைவிட மலிவான தெளிவான விடை கிடையாது. உயிருள்ள செல்களை அடர்ந்த சர்க்கரைக் கரைசலில் கலந்து அளந்தால், ஒளிச்சிதறல் குறைந்து 800 முதல் 890 வரையுள்ள முகடுகள் நன்றாகத் தெரியும். 1,000-ஐத் தாண்டி முகடு வந்தால் உங்களிடம் பாக்டீரியோகுளோரோஃபில் பி கொண்ட அரிய வகை இருக்கிறது.

ஊதா நிறத்துக்குக் காரணமான கரோட்டினாய்டுகளையும் கவனியுங்கள். அவற்றில் ஒகெனோன் என்பதை ஊதாக் கந்தக பாக்டீரியாவே உண்டாக்குகிறது. அதன் எச்சம் வட ஆஸ்திரேலியாவின் 164 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் கிடைத்திருக்கிறது. அந்தக் காலக் கடலில் ஒளி எட்டும் ஆழத்திலேயே சல்ஃபைடு இருந்தது என்று அந்த நிறமியை வைத்தே சொல்கிறார்கள்.

இனத்தை உறுதிசெய்ய, பாக்டீரியாக்களின் உறவுமுறையைக் காட்டும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவும், ஒளிவினை மையத்தின் பஃப்எம் மரபணுவும் படிக்கப்பட வேண்டும். புதிய இனம் என்று தோன்றினால், பெயரிடுவதற்கு முன் இரண்டு நாடுகளின் வளர்ப்புச் சேமிப்பகங்களில் அதை ஒப்படைக்க வேண்டும்.

பாதுகாத்தல்

நிரம்பிய புட்டிகளை 4 முதல் 8 டிகிரி செல்சியஸில் மங்கலான ஒளியில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய ஊடகத்துக்கு மாற்றுங்கள். செல்லுக்குள் கந்தகம் நிறைந்திருக்கும் நேரத்தில் குளிரில் வைத்தால் நெடுநாள் தாங்கும். ஆண்டுக்கணக்கில் வைக்க 5 சதவீத டைமெத்தில் சல்ஃபாக்சைடு கலந்து திரவ நைட்ரஜன். ஒவ்வொரு புட்டியிலும் உப்பளத்தின் பெயர், பாத்தியின் போமே டிகிரி, அடுக்கின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர், வெட்டிய நேரம் ஆகிய நான்கையும் எழுதி ஒட்டுங்கள்.